குறைந்தபட்சச் சேவைச் சட்டங்களும் நிலைக் கட்டண வீட்டு விற்பனையும் (அமெரிக்கா)

குறைந்தபட்சச் சேவைச் சட்டங்கள் என்பவை, வீடு விற்பவரோடு தனியுரிமை ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமம் பெற்ற தரகர் சில பணிகளைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று விதிக்கும் அமெரிக்க மாநிலச் சட்டங்கள் ஆகும். விற்பவர் அந்தப் பணிகளைக் கேட்டாரா, அவற்றுக்குப் பணம் கொடுக்க விரும்பினாரா என்பதை இவை பொருட்படுத்துவதில்லை. இவற்றுள் பல 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்டன. இல்லினாய், டெக்சாஸ், மிசூரி, அயோவா, அலபாமா ஆகிய மாநிலங்கள் இவ்வகைச் சட்டம் உடையவை.

இச்சட்டங்கள் எல்லாத் தரகர்களுக்கும் பொதுவானவை. ஆனால் முழுச் சேவை தரும் தரகர் இவை சொல்லும் பணிகளை ஏற்கெனவே செய்துவந்தவர். எனவே மாற்றம் முழுவதும் நிலைக் கட்டணத் தரகர்கள் மீதே விழுந்தது. நிலைக் கட்டணம் என்பது வீட்டின் விலை எதுவானாலும் மாறாத ஒரே தொகை.

தரகும் பட்டியலும்

அமெரிக்காவில் வீட்டுத் தரகு உரிமம் பெற்றுச் செய்யும் தொழில். உரிமம் வழங்குவது மாநில அரசின் ஆணையம். கூலி, விற்பனை விலையில் இத்தனை சதவீதம் என்ற கணக்கில் அமையும். நெடுங்காலமாக 5 முதல் 6 சதவீதம் வரை என்பது வழக்கமாக இருந்தது. விற்பவர் அதை முழுமையாகக் கொடுப்பார். அவருடைய தரகரும் வாங்குபவரின் தரகரும் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். தரகர் சங்கங்கள் ஒன்றுகூடி இந்தச் சதவீதத்தை நிர்ணயிப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1950இலேயே தீர்ப்பளித்துவிட்டது. வழக்கம் மட்டும் மாறவில்லை.

எம்.எல்.எஸ். எனப்படும் கூட்டுப் பட்டியலைப் புரிந்துகொள்ளாமல் இதற்கு மேல் செல்ல இயலாது. ஒரு வட்டாரத்தின் தரகர்கள் தங்களிடம் விற்பனைக்கு வந்த வீடுகளை எல்லாம் பதிந்து, ஒருவர் வீட்டுக்கு மற்றவர் ஆள் கொண்டுவர உதவும் தரவுத்தளம் இது. பொதுமக்கள் பார்க்கும் வீட்டு இணையதளங்களில் உள்ள விவரங்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. ஆனால் உறுப்பினரான தரகர் மட்டுமே இதில் பதிய முடியும். வீட்டுக்காரர் நேரடியாகப் பதிய இயலாது. வாசலில் பலகை மாட்டித் தானே விற்க முயல்பவரின் வீடு இந்தப் பட்டியலில் இல்லை என்றால், வாங்குபவர்களை அழைத்துவரும் தரகர்கள் பலரின் கண்ணில் அது படவே படாது.

நிலைக் கட்டண முறை

வீட்டைச் சுற்றிக் காட்டத் தெரியும், விலை பேசத் தெரியும், வேண்டியது பட்டியலில் ஓர் இடம் மட்டுமே என்று நினைக்கும் விற்பவருக்காக உருவானதே நிலைக் கட்டண முறை. சில நூறு டாலர்களை முன்பணமாக வாங்கிக்கொண்டு தரகர் வீட்டைப் பட்டியலில் ஏற்றுவார். படம் எடுப்பது, வீட்டைத் திறந்து காட்டுவது, விலை பேசுவது, கிரயம் முடியும் வரை ஓடியாடுவது எல்லாம் வீட்டுக்காரர் பாடு. வீடு விற்காமல் போனாலும் கட்டணம் திரும்ப வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டின் விலை 4,00,000 டாலர் என்றும் தரகு 6 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தத் தரகு 24,000 டாலர். விற்பவரின் தரகருக்கு அதில் பாதி, 12,000. நிலைக் கட்டணம் 500 டாலர் என்றால் விற்பவருக்கு 11,500 டாலர் மிஞ்சும். வாங்குபவரின் தரகருக்குரிய 12,000 அப்படியே நிற்கும். ஏனெனில் வாங்குபவரின் தரகருக்கு ஒரு தொகையைக் குறிப்பிடாமல் வீட்டைப் பட்டியலில் ஏற்ற முடியாது என்பது தேசிய ரியல்ட்டர்கள் சங்கத்தின் விதியாக 2024 வரை இருந்தது. எவ்வளவு என்று விதி சொல்லவில்லை. மிகச் சிறிய தொகையைக்கூடக் குறிப்பிடலாம். ஆனால் ஊர் வழக்கத்தைவிடக் குறைத்துக் காட்டினால் தரகர்கள் அந்த வீட்டுக்கு ஆள் கொண்டுவரமாட்டார்கள் என்ற அச்சம் விற்பவர்களுக்கு இருந்தது. இந்த முறையைத் 'தரகே இல்லாத விற்பனை' என்று விளம்பரம் செய்வோர் உண்டு. கணக்கைப் பார்த்தால் அது பாதித் தரகு விற்பனை.

சட்டம் சொல்லும் பணிகள்

எல்லா மாநிலங்களின் சட்டமும் ஒரே அளவில் இல்லை. இதை உணராமல் 'குறைந்தபட்சச் சேவைச் சட்டம்' என்று ஒரே பெயரில் பேசுவதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது.

டெக்சாஸ் சட்டம் மெலிதானது. 2005 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த விதியின்படி, தரகர் தமக்குக் கிடைத்த முக்கியமான தகவலை, குறிப்பாக ஆஃபர் வந்த செய்தியை, தம் கட்சிக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வரும் ஆஃபரையும் போகும் ஆஃபரையும் எடுத்து வைக்க வேண்டும். ஆஃபர் என்பது வாங்குபவர் தம் விலையையும் நிபந்தனைகளையும் எழுத்தில் தரும் தாள். அமெரிக்காவில் வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. இந்தத் தாளில்தான் பேரம் தொடங்குகிறது.

இல்லினாய் சட்டம் இதைவிடக் கனமானது. 2004இல் சேர்க்கப்பட்ட பிரிவு, தனியுரிமை ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் மூன்று பணிகள் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. ஆஃபர்களையும் மாற்று ஆஃபர்களையும் பெற்றுக் கட்சிக்காரரிடம் சேர்ப்பது முதலாவது. அவற்றை உருவாக்கவும், தெரிவிக்கவும், பேரம் பேசவும், எதிர்த்தரப்பிடம் வைக்கவும் துணை நிற்பது இரண்டாவது. அவை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்வது மூன்றாவது. இரண்டாவது பணிக்குச் சட்டம் கால எல்லையும் வைக்கிறது: விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதிலுள்ள நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறும் வரை அல்லது கைவிடப்படும் வரை. நிபந்தனைகள் என்றால் வாங்குபவருக்கு வங்கிக் கடன் ஒப்புதலாக வேண்டும், வீட்டுப் பரிசோதனையில் பெரிய குறை இருக்கக் கூடாது என்பன போன்றவை. கூரை ஒழுகுகிறது என்று பரிசோதகர் எழுதிவிட்டால், விலையைக் குறைப்பதா, பழுது பார்த்துக் கொடுப்பதா என்று மறுபடியும் பேரம் தொடங்கும். இல்லினாயில் அதற்கும் தரகர் துணை நிற்கக் கடமைப்பட்டவர். மிசூரி, அயோவா மாநிலங்களின் வாசகமும் ஏறக்குறைய இதுவே.

மூன்றாவது வகை, விலக்கு அனுமதிக்கும் மாநிலங்கள். வர்ஜீனியாவில் தரகர் 'வரையறுத்த சேவை' மட்டுமே தருவதாக எழுத்தில் தெரிவித்து ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஒஹையோவில் எந்தெந்தக் கடமைகளைக் கட்சிக்காரர் வேண்டாம் என்கிறார் என்பதைக் காட்டும் படிவம் உண்டு. கையெழுத்துப் போடுமுன் என்ன கிடைக்காது என்பது தாளில் தெரிந்துவிடுகிறது. விற்பவரைக் காப்பதே நோக்கம் என்றால் இந்த வழியே போதுமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இச்சட்டங்கள் தனியுரிமை ஒப்பந்தங்களை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. அப்படியானால் தனியுரிமை தராத, யார் விற்றாலும் சரி என்னும் திறந்த ஒப்பந்தம் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூட்டுப் பட்டியல்கள் பொதுவாகத் திறந்த ஒப்பந்த வீடுகளை ஏற்பதில்லை. ஆகவே பட்டியல் வேண்டும் என்றால் தனியுரிமை வேண்டும். தனியுரிமை வந்தால் சட்டமும் கூடவே வரும்.

சட்டம் கேட்டவர்களின் வாதம்

இச்சட்டங்களுக்கு ஆதரவாக நின்றவை பெரும்பாலும் மாநிலத் தரகர் சங்கங்களே. தொழிலுக்குப் போட்டி வந்துவிட்டது என்ற கவலை அதில் இல்லை என்று சொல்ல முடியாது. ஆயினும் அவர்கள் காட்டிய சிக்கல் கற்பனையானதும் அல்ல.

வேறொரு தரகரின் தனியுரிமைக் கட்சிக்காரரோடு நேரடியாகப் பேரம் பேசக் கூடாது என்பது தரகுத் தொழிலின் பழைய விதி. மாநில உரிமச் சட்டங்களிலும் அது இடம்பெற்றிருக்கிறது. நிலைக் கட்டணத் தரகர் பட்டியலில் ஏற்றியதோடு ஒதுங்கிவிடுகிறார். வாங்குபவரின் தரகர் ஆஃபரை யாரிடம் கொடுப்பது? விற்பவரிடம் கொடுத்துப் பேசினால் விதிமீறல். விற்பவரின் தரகரிடம் கொடுத்தால் அவர், 'அது என் வேலை இல்லை' என்பார். மேலும், பழக்கமில்லாத விற்பவர் படிவத்தை எப்படி நிரப்புவது என்று வாங்குபவரின் தரகரையே கேட்பார். அவர் உதவினால் எதிர்த்தரப்புக்கு வேலை செய்தவராகிறார். நாளை வழக்கு வந்தால் இரு தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். உதவாவிட்டால் விற்பனை நின்றுபோகும். ஒருவர் கூலியில் இருவர் வேலையைச் செய்கிறோம் என்ற மனக்குறை இங்கே பிறந்தது.

எதிர்த்தவர்களின் பதில் எளிமையானது. விற்பவரோடு நேரடியாகப் பேசலாம் என்று அவருடைய தரகர் எழுத்தில் அனுமதி கொடுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். டெக்சாஸ் சட்டத்திலேயே இதற்கு ஓர் இடம் உண்டு: விற்பவரின் தரகர் இசைந்து, அவருக்கு ஒரு பிரதியும் அனுப்பினால், ஆஃபரை விற்பவர் கையிலேயே கொடுக்கலாம், ஆனால் கொடுப்பதோடு நிற்க வேண்டும், பேரம் பேசக் கூடாது. முடிச்சை அவிழ்க்க இவ்வளவு சிறிய கருவி இருக்கும்போது, வேண்டாத சேவையை வாங்கச் சொல்வது ஏன்? காபி கேட்டு வந்தவரிடம் சாப்பாட்டு டோக்கனும் சேர்த்து வாங்கினால்தான் காபி என்று சொல்வது போன்றது அது.

கட்டணத்தின் மீது விளைவு

சட்டம் வந்தபின் நிலைக் கட்டண முறை ஒழிந்துவிடவில்லை. டெக்சாசிலும் இல்லினாயிலும் இன்றும் இத்தகைய நிறுவனங்கள் நடக்கின்றன. மாறியது அவற்றின் கணக்கு.

ஒரு தரகர் ஒரே தொகை சொல்ல முடிவதற்குக் காரணம், ஒரு வீட்டுக்குத் தமக்கு எத்தனை மணி நேர வேலை என்று முன்கூட்டியே தெரிவதுதான். விவரங்களைப் பதிய ஓரிரு மணி நேரம், அவ்வளவே. நூறு வீடுகளை இப்படி ஏற்றினால் ஒரு வீட்டுக்குக் குறைந்த கட்டணமே போதும். சட்டம் பேரத்திலும் துணை நிற்கச் சொன்னால் இந்தக் கணக்கு உடைகிறது. ஒரு வீடு ஒரே ஆஃபரில் முடியும். இன்னொன்று நான்கு மாற்று ஆஃபர், கூரைப் பழுது, கடன் தாமதம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். எது எப்படிப் போகும் என்று கட்டணம் வாங்கும் நாளில் தெரியாது. ஆகவே எல்லாரிடமும் கொஞ்சம் கூட்டி வாங்க வேண்டியதாகிறது. தொல்லை கொடுக்காத விற்பவர், தொல்லை கொடுக்கும் விற்பவரின் செலவையும் சேர்த்துக் கட்டுகிறார். பொறுப்புக் கூடுகிறது என்பதும் சேர வேண்டிய செலவே. கடமையில் தவறினால் தரகரின் உரிமத்துக்கே ஆபத்து.

நிறுவனங்கள் இதைச் சமாளிக்கும் வழிகள் பல. சில, முன்பணத்தைக் குறைவாக வைத்துக் கிரயம் முடியும் நாளில் இன்னொரு தொகையை வாங்குகின்றன. அடிப்படைக் கட்டணம், பேர உதவியோடு கூடிய உயர் கட்டணம் என்று அடுக்கு வைப்பவை உண்டு. மெலிதான சட்டம் உள்ள இடங்களில், வரும் ஆஃபரை மின்னஞ்சலில் அப்படியே அனுப்பிவிட்டு, கேள்வி கேட்டால் பதில் சொல்வதோடு கடமை முடிகிறது. டெக்சாசில் விற்பவருக்கு உண்டாகும் கூடுதல் செலவு சிறிதாக இருப்பதற்கு இதுவே காரணம். கனமான சட்டம் உள்ள இடத்தில் இவ்வாறு ஒப்புக்குச் செய்வது கடினம். விற்பவர் உதவி கேட்டுவிட்டால் மறுக்க வழியில்லை.

இதில் விற்பவருக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. இல்லினாயில் அடிப்படைக் கட்டணம் கட்டியவரும் பேர நேரத்தில் தம் தரகரைக் கூப்பிடச் சட்டப்படி உரிமை உடையவர். பலர் இது தெரியாமலேயே தனியாகத் திண்டாடுகிறார்கள்.

மத்திய அரசின் எதிர்ப்பும் அதன் எல்லையும்

அமெரிக்க நீதித்துறையும் கூட்டாட்சி வணிக ஆணையமும் இச்சட்டங்களைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தன. டெக்சாஸ் ஆணையம் இத்தகைய விதியைக் கொண்டுவர முனைந்தபோது, 2005 ஏப்ரலில் இரண்டும் சேர்ந்து அதைக் கைவிடச் சொல்லிக் கடிதம் எழுதின. அடுத்த மாதம் மிசூரி ஆளுநர் மாட் பிளன்ட்டுக்கு, சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவைத் தடுக்கும்படி எழுதின. டெக்சாசில் சட்டமன்றமே சட்டம் இயற்றியது. மிசூரியில் ஆளுநர் கையெழுத்திட்டார். 2007இல் இவ்விரு அமைப்புகளும் வெளியிட்ட கூட்டு அறிக்கை, இச்சட்டங்கள் நுகர்வோரின் தேர்வைக் குறைத்து, விரும்பாத சேவைக்குப் பணம் கொடுக்க வைக்கின்றன என்று கூறியது.

வழக்குப் போடாமல் கடிதம் மட்டும் எழுதியது ஏன்? ஒரு மாநிலம் தன் இறையாண்மையால் இயற்றும் சட்டத்தைப் போட்டித் தடைச் சட்டத்தைக் கொண்டு வீழ்த்த முடியாது என்பது 1943இல் 'பார்க்கர் எதிர் பிரவுன்' வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுவிய கோட்பாடு. பத்துத் தரகர்கள் கூடி, 'இதற்குக் குறைவான சேவையை யாரும் விற்கக் கூடாது' என்று முடிவெடுத்தால் அது குற்றம்; அதையே சட்டமன்றம் செய்தால் குற்றமில்லை. தொழில் செய்பவர்களே பெரும்பான்மையாக அமர்ந்திருக்கும் உரிம வாரியத்துக்கு இந்தப் பாதுகாப்புத் தானாகக் கிடைக்காது, மாநில அரசின் உண்மையான மேற்பார்வை வேண்டும் என்று 2015இல் வட கரோலினா பல் மருத்துவ வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வாரியங்கள் தாமாகப் போடும் விதிகளுக்குத்தான் பொருந்தும். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை அது தொடவில்லை.

சங்கம் போட்ட விதி

சட்டம் இல்லாத இடத்தில் சில கூட்டுப் பட்டியல் அமைப்புகள் தாமே இதுபோன்ற விதியைப் போட்டன. மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் வட்டாரத்தில் இயங்கிய ரியல்காம்ப் அமைப்பு இதற்கு எடுத்துக்காட்டு. குறைந்த சேவை ஒப்பந்தத்தில் வந்த வீடுகளை அது பொது இணையதளங்களுக்கு அனுப்பாமல் நிறுத்தியது. தரகர்கள் தேடும்போது இயல்பான தேடலில் அவை தோன்றாதபடியும் வைத்திருந்தது. பட்டியலில் இடம் உண்டு, பார்க்கத்தான் ஆளில்லை. கூட்டாட்சி வணிக ஆணையம் இதை எதிர்த்து நடவடிக்கை எடுத்து, 2009இல் ரியல்காம்ப்புக்கு எதிராக முடிவு செய்தது. ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் அம்முடிவை உறுதிப்படுத்தியது. இங்கே விதியைப் போட்டது தனியார் அமைப்பு. ஆகவே பார்க்கர் கோட்பாடு குறுக்கே வரவில்லை.

ஆய்வுகள்

முழுச் சேவை இல்லாவிட்டால் வீடு குறைந்த விலைக்குப் போகுமா என்பதைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நிலைக் கட்டணத் தரகர் வழி விற்ற வீடுகளின் விலையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. விற்க ஆன காலம் மட்டும் கூடியிருந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில், தரகரே இல்லாமல் ஓர் இணையதளம் வழியாக விற்றவர்களையும் கூட்டுப் பட்டியல் வழியாக விற்றவர்களையும் ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த இன்னோர் ஆய்வும் விலையில் பட்டியலுக்கு மேன்மை இல்லை என்றது. அங்கும் தரகரில்லாத விற்பனை மெதுவாகவே நடந்தது. அவசரமாக ஊர் மாறும் குடும்பத்துக்குக் காலமும் பணம்தான். அதனால் இந்த முடிவுகளை எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பொருத்த இயலாது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் குடியேறி வீடு வாங்கி விற்கும் தமிழர் பலர். அவர்களுள் டெக்சாசிலும் இல்லினாயிலும் வாழ்பவர்களும் உண்டு. நிலைக் கட்டண ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், விளம்பரத்தில் உள்ள தொகைக்கு அப்பால் கிரய நாளில் ஏதேனும் வாங்குவார்களா என்று பார்க்க வேண்டும். மாநிலச் சட்டம் கட்டாயமாக்கிய பணிகள் அதே தொகைக்குள் அடங்குகின்றனவா, தனிக் கட்டணமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. ஒப்பந்தம் எந்த வகை என்பதும் முக்கியம். 'விற்கும் தனியுரிமை' என்றால் வாங்குபவரை வீட்டுக்காரரே தேடிப் பிடித்தாலும் தரகருக்கு ஒப்புக்கொண்ட தொகை உண்டு. 'தனி முகவர்' வகையில் அது இல்லை. இடையில் விலகினால் என்ன கட்டணம் என்பது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

2024க்குப் பிறகு

வாங்குபவரின் தரகருக்கு விற்பவர் கொடுக்கும் பங்கைக் குறைந்தபட்சச் சேவைச் சட்டங்கள் தொடவே இல்லை. அதை அசைத்தது ஒரு வழக்கு. மிசூரி மாநிலத்தின் கேன்சஸ் நகரில் 2023 அக்டோபர் 31 அன்று நடுவர் குழு, தேசிய ரியல்ட்டர்கள் சங்கத்துக்கும் சில பெரிய தரகு நிறுவனங்களுக்கும் எதிராக ஏறத்தாழ 178 கோடி டாலர் இழப்பீடு விதித்துத் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. அதன்படி 2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவரின் தரகருக்கு இவ்வளவு என்று கூட்டுப் பட்டியலில் குறிப்பிடக் கூடாது. வாங்குபவரும் வீட்டைச் சுற்றிப் பார்க்குமுன் தம் தரகரோடு கூலியை எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

இதனால் நிலைக் கட்டண விற்பனையில் ஒரு புதிய பேரம் சேர்ந்துள்ளது. 'என் தரகருக்குரிய தொகையில் இத்தனை சதவீதத்தை விற்பவர் ஏற்க வேண்டும்' என்ற கோரிக்கை இப்போது ஆஃபரோடு சேர்ந்தே வரலாம். அதற்கு ஒப்புவதா, குறைப்பதா, மறுப்பதா என்று விற்பவரே தீர்மானிக்க வேண்டும். ஆஃபரைப் பேரம் பேசத் துணை நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் இல்லினாய், மிசூரி போன்ற மாநிலங்களில், சில நூறு டாலர் வாங்கிய நிலைக் கட்டணத் தரகரிடம் இந்தப் பேரத்துக்கும் விற்பவர் உதவி கேட்கலாம்.